யாரைக் கேட்டு நிறுத்தினான்?

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். அப்பா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் பெரிய மனிதர் மாதிரி நடமாடுகிறார், சொட்டு மருந்து விடும்போது மட்டும் கைக்குழந்தையாகி விடுகிறார். மாடி வீட்டுக்காரர்கள் குழாயைச் சரி செய்கிறோம் என்று நம் சமையலறைச் சுவரை ஊற வைத்துவிட்டார்கள், சண்டை போடத் தெம்பில்லாமல் கீழே வாளி வைத்திருக்கிறேன்.

போன வாரம் போனில் அழாத குறையாகச் சொன்னாயே, உன் கீழே வேலை பார்ப்பவர்களிடம் இதைச் செய் அதைச் செய் என்றால் வேலை நடக்கிறது, அவர்களாக யோசிக்கட்டும் என்று விட்டால் உன் உயிர் போகிறது, நீ எப்படிம்மா சமாளிக்கிறாய் என்று. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்து முடிந்திருந்தது. என் பிரிவில் ஆபரேஷன் கத்தி, கத்தரி எல்லாவற்றையும் துணியில் கட்டி ஆவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கி மேலே அனுப்புவோம், உனக்குத் தெரியும். மெஷினைப் பார்த்துக்கொள்பவனை நாங்கள் முசுடு என்றுதான் கூப்பிடுவோம், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான், எப்போதுமே கோபமாக இருப்பவன் தனியாக எங்கே கோபிப்பது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அக்கா இப்ப என்ன பண்ணட்டும் என்று வந்து நிற்பான். நான் பதில் சொல்வதை விட்டுவிட்டு உனக்கு என்ன தோணுது என்று கேட்க ஆரம்பித்தேன். தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா உசிரை வாங்குறீங்க, சொல்லித் தொலைங்களேன் என்பான். சொல்லித் தொலைப்பது அரை நிமிஷ வேலை. அவன் யோசித்து, தப்பாகச் சொல்லி, மறுபடி யோசிப்பதற்குள் நின்று நின்று எனக்குக் கால் வீங்கிவிடும். அப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன்.

அந்தக் கூத்து நடந்த அன்றைக்கு நான் அப்பாவின் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவோம், ஆவி சரியாகப் பட்டால் அது கறுத்துவிடும். அன்று கறுக்கவில்லை, மறுபடி வைத்தும் பழுப்போடு நின்றுவிட்டது. மேலே ஒரு வயதான அம்மாளை இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். முசுடு மெஷினை நிறுத்திவிட்டு ஒரு கட்டுகூட அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டான். டாக்டரே இறங்கி வந்து கத்தியிருக்கிறார், எனக்குச் சந்தேகமா இருக்கு சார், தர முடியாது என்று கைகட்டி நின்றிருக்கிறான். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. மெக்கானிக் வந்து பார்த்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை, ஈரம் பட்டுக் கெட்டுப்போன பட்டை அது, கட்டுகள் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்திருக்கின்றன. அந்த அம்மாள் சாயங்காலம் வரை சும்மாவே பட்டினி கிடந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அது வேறு. இவன் மன்னிப்புக் கேட்கப் போய் நின்றதும் அவள் மகள் நடைபாதையிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவன் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவன் அங்கே இல்லாதது போல என்னைப் பார்த்து, யாரைக் கேட்டு நிறுத்தினான் என்றார். போனில் என்னைத்தான் கேட்டான் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது, சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அதற்குள் அவனே, யாரையும் கேக்கல சார், நானாத்தான் நிறுத்தினேன் என்றான். நான் சொன்னேன், அந்த முடிவை அவன் கையில குடுத்தது நான் சார், நானே நின்னிருந்தாலும் அந்தப் பட்டையைப் பாத்துட்டு அனுப்பியிருக்க மாட்டேன் என்று. இனி உங்கள் உத்தரவு இல்லாமல் யாரும் மெஷினை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு நிஜமான களைப்பு வந்தது கண்ணு. முசுடு பழையபடி அக்கா என்ன பண்ணட்டும், அக்கா இதை எங்க வைக்கட்டும் என்று ஆகிவிட்டான். உனக்கு என்ன தோணுது என்றால் நீங்களே சொல்லிடுங்கக்கா என்பான். ஒரு வருஷப் பாடு ஒரே நாளில் போயிற்றே, பேசாமல் நானும் உத்தரவு போட்டுவிட்டுக் காலை நீட்டலாமே என்று தோன்றாமல் இல்லை.

இன்று காலை மெஷினிலிருந்து எடுத்த ஒரு கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான், துணி நனைந்திருந்தது, ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள், இதை அனுப்பப் போறதில்லக்கா, மெஷினையும் நிறுத்தப் போறேன், கேக்க வரல, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் என்றான். சரிப்பா என்றேன். அவன் போன பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

உனக்கு இதில் என்ன உதவும் என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு, வேலைக் கோபத்தை மாப்பிள்ளை மேல் காட்டாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், உன் கை பட்டதெல்லாம் விளங்கட்டும். பல் வலிக்கிறது என்றாயே, தள்ளிப்போடாமல் இந்த வாரமே காட்டிவிடு. அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா