மோரில் கலந்த மாத்திரை

வேல்விழி அப்பாவுக்கு,

குடியை நிறுத்தும் மாத்திரையை நாலு மாதமாக உங்களுக்குத் தெரியாமல் மோரில் பொடித்துக் கலந்தேன். நேற்றோடு தீர்ந்துவிட்டது. இன்று உளுந்து டப்பாவைத் திறந்தால், நான் ஒளித்து வைக்கும் இடத்திலேயே புது அட்டை! வாங்கி வைத்தது நீங்கள்தானே? தெரிந்தேதான் தினமும் "மாரி, மோரு எங்க?" என்று கேட்டு வாங்கிக் குடித்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஏலத்தோட்டத்து ஜீப் வந்துவிட்டது. குழம்பு அடுப்பில் இருக்கிறது. இன்று மோரில் எதுவும் கலக்கவில்லை. அட்டையைச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் எடுத்து ஒளித்த பைக் சாவி ஆணியில் தொங்குகிறது.

மாரீஸ்வரி

நேற்று வாயை மோந்து பார்த்துச் சண்டை போட்டது என் தப்பு.

சாயங்காலம் வந்து மாத்திரையை எண்ண மாட்டேன். எண்ணினால் ஏசுங்கள்.