சுவர் பார்த்து உட்கார்ந்தவர்கள்

1931 ஜனவரி 28, புதன்

ஆம்பூர் மகாஜனங்களின் சமூகத்துக்கு: சூசைமாணிக்கம் மகன் இன்னாசி, வயது பதினாறு, மேற்படியானின் மேலுதட்டில் இன்று காலை ஒன்பதாவது ரோமம் உதயமாயிற்று. தாயும் ரோமமும் சுகம். கச்சேரிக்கு விடுமுறை இல்லை.

இதை முதலில் கேட்க வேண்டியவன் என் சிநேகிதன் ஹயாத் பாஷா. அவன் என்னோடு பேசி ஐந்து நாளாகிறது.

காரணத்தை எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவன் தங்கை குர்ஷித்துக்கு முதல் நோன்பு. ஒன்பது வயது. புதுச் சட்டை, கழுத்தில் மல்லிகை மாலை, வீடு நிறைய விருந்தாளிகள். சூரியன் விழுந்ததும் பள்ளிவாசலில் வெடி போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் வாயில் எதையும் வைப்பார்கள். அன்று பார்த்து மேகம். மாதா திருவிழாவில் மிச்சமான அதிர்வேட்டு ஒன்று என் வசம் இருந்தது. ஏழு நிமிடம் முந்திக் கொளுத்தினேன். எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்று என் எண்ணம். பெரியவர்கள் பார்த்தார்கள். குர்ஷித் பேரீச்சம்பழத்தை விழுங்கிவிட்டாள்.

பிறகு நிஜ வெடி கேட்டது.

எரியும் கயிறோடு நான் ஓடியதை ஹயாத் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி

ஹயாத்தின் பாவா, அதாவது அப்பா, முக்தார் அகமது சாயபுவின் தோல் கிடங்குக்கு ஜப்பானிலிருந்து ஒரு வியாபாரி வந்து மாடியறையில் தங்கியிருக்கிறார். பெயர் மொரிதா. தோல் வாங்க வருகிறவரெல்லாம் இந்த ஊரில் சாயபுதான் என்பதால் ஜப்பான் சாயபு. வெள்ளைக்காரத் துரைமார் மூக்கில் கைக்குட்டையோடு வருவார்கள். இவர் அந்த நாற்றத்தில் தினமும் காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு நிதானமாய் மூச்சை இழுக்கிறார். அரைக்கண் திறந்திருக்கிறது. அசைவில்லை.

சோதிக்காமல் விட முடியுமா? பின்படி வழியாக ஓர் ஆட்டுக்குட்டியை உள்ளே விட்டேன். அது அவர் இடுப்புத் துணியை மென்றது. அவர் அசையவில்லை. எழுந்திருக்கும் நேரம் வந்தபோது எழுந்தார், துணியைக் குட்டியின் வாயிலிருந்து மெல்ல உருவினார், குட்டியைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு கும்பிடு, குட்டிக்கு ஒரு கும்பிடு.

முன்பானால் இதை ஹயாத்திடம் நடித்தே காட்டியிருப்பேன். ஆட்டுக்குட்டியாகவும் நானே.

பிப்ரவரி 2, திங்கள்

இந்தியாவின் சார்பில் நானும் உட்காரத் தொடங்கிவிட்டேன். இடம்: எங்கள் பின்கட்டுச் சுவர். காலம்: ஒரு மணி நேரம், முழுசாக, ஒரு கொசுவைக்கூட அடிக்காமல். ஜப்பான் கவனிக்கட்டும்.

அம்மா பார்த்துவிட்டு, "தபசுகாலம் இன்னும் வரலயே, அதுக்குள்ள ஞான ஒடுக்கமா?" என்றாள். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் கோயிலில் மௌனமாய் உட்காருவோமே, அது. கிடங்குக் காவல்காரர் கன்னியப்பன், "வாத்தியாரு சுவத்தாண்ட உக்கார வெச்சிட்டாரா? இன்னா தப்பு பண்ண?" என்றார்.

நல்ல கேள்வி. தியானத்தில் இருப்பவன் பதில் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 5

உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

முக்தார் சாயபு நேற்று சாயங்காலம் பள்ளிவாசலுக்குள் போய்விட்டார். ரம்ஜானின் கடைசிப் பத்து நாளும் ஒரு மூலையில் திரை கட்டிக்கொண்டு ஒருவர் தனியே உட்கார்ந்திருப்பது அவர்கள் வழக்கம். ஆனால் இவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. சீசன் நேரம், கிடங்கில் வேலை ஜாஸ்தி.

"ஏன் இந்த வருசம்?" என்று கன்னியப்பனைக் கேட்டேன்.

"கொழந்தையோட மொத நோம்புல குறை வந்துட்ச்சாம். தன் மேலதான் இன்னாவோ தப்பு இருக்குதுன்னு உக்காந்துட்டாரு."

என் வெடிக்கு அவர் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

மொரிதா கிடங்கு வாசலில் என்னைக் கைகாட்டி அழைத்தார். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது. நடுவில் துபாஷியாக ஹயாத். என்னைப் பார்க்காமல் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தே சொன்னான்.

"ஆட்டுக்குட்டி சௌக்கியமான்னு கேக்குறாரு."

"சௌக்கியம்னு சொல்லு. சுவத்துல இன்னா தெரியுதுன்னு கேளு."

"முதல்ல கால்வலி தெரியுமாம். அப்புறம் யார் யாருக்கு இன்னா செஞ்சோம்னு ஒண்ணொண்ணா வருமாம். அத தொரத்தவும் கூடாதாம், பின்னாடியே போவவும் கூடாதாம்."

"அப்ப அது எப்பதான் போவும்?"

இதை ஹயாத் அவரிடம் கேட்கவில்லை. மொரிதாவே வேறு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"இந்த உக்கார்ற வித்தைய சீனாவுக்குக் கொண்டுபோனவரு காஞ்சிபுரத்துக்காரருன்னு அவங்க மடத்துல சொல்வாங்களாம். ஒம்பது வருசம் சுவத்தப் பாத்து உக்காந்தாராம். இவரு காஞ்சிபுரம் போய் விசாரிச்சிருக்காரு. ஒருத்தருக்கும் தெரியல. பட்டுப் பொடவை வேணுமான்னு கேட்டாங்களாம்."

நம் தோல் கதைதான். பாதி பதம் போட்டுக் கப்பலேற்றுகிறோம், அவர்கள் மெருகேற்றுகிறார்கள், பூட்ஸ் ஜோடாகத் திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரிவதில்லை.

ஹயாத் இன்று என்னிடம் இத்தனை பேசினான். ஒன்றுகூட அவனுடைய பேச்சு இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

சிவராத்திரி முழித்த கன்னியப்பன் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். "சாயபு திரைக்குள்ள உக்காந்துகினு இருக்காரு, ஜப்பான்காரன் சுவத்தப் பாத்து, நான் கோயில் தூண்ல சாஞ்சி. எல்லாம் ஒரே உக்காரல்தான். நீ ஒருத்தன்தான்டா உக்காந்த எடத்துல நெளியுற."

உட்கார்ந்தால் அந்தப் பேரீச்சம்பழம்தான் வருகிறது. துரத்தக் கூடாதாம். நான் எங்கே துரத்துவது, அதுதான் என்னைத் துரத்துகிறது.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். பத்து அருள் நிறை மந்திரம் விதித்தார். ஒரு அதிர்வேட்டுக்கு மலிவுதான் என்று எழுந்தேன். "உக்காரு" என்றார் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து. "அந்த வீட்டிலும் போய்ச் சொல்லணும்."

அவரிடம் சொல்வது சுலபம். முகம் தெரியாது.

பிப்ரவரி 19, வியாழன்

பெருநாள். முக்தார் சாயபு திரையைவிட்டு வெளியே வந்தார். சொல்லிவிட்டேன். சிங்கம்போல், அவர் கண்ணைப் பார்த்து, ஒரு சொல் குழறாமல்.

பிப்ரவரி 23, திங்கள்

வியாழக்கிழமை எழுதியது பொய்.

பள்ளிவாசல் வாசல்வரை போனேன். சாயபு வெள்ளை உடுப்பில், பத்து நாள் இளைத்து, எல்லாரையும் தழுவிக்கொண்டிருந்தார். வரிசையில் நானும் நின்றேன். என்னையும் தழுவினார். அத்தர் மணந்தது. வாயே திறக்காமல் வந்துவிட்டேன்.

வந்து சுவர் முன்னால் உட்கார்ந்தேன். அடுத்த தடவைக்குப் பயிற்சியாக இருக்கட்டுமென்று அதனிடம் சொல்லிப் பார்த்தேன். "நான்தான் வெடி வெச்சேன். ஏழு நிமிசம் முந்தி வெச்சேன். ஹயாத்துக்குத் தெரியும். அவன் என்னைக் காட்டிக் குடுக்கல." மூன்றாம் தடவை சொல்லும்போது அழுதுகொண்டிருந்தேன்.

"யாரு? இன்னாசி அண்ணனா?" என்றது சுவர்.

குர்ஷித். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் பின்கட்டுச் சுவரின் மறுபக்கம் அவர்கள் முற்றம். இந்த வீட்டில் நான்கு சுவர் இருக்க நான் எதற்கு இதைத் தேர்ந்தெடுத்தேன்? தியானத்துக்காக இல்லை. ஹயாத்தின் குரல் கேட்கும் என்றுதான். ஒரு மணி நேரம் என்று எழுதியதும் பொய். பத்து மூச்சுகூட எண்ணியதில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பாவாகிட்ட நானே சொல்றேன். திங்கக்கெழம அந்த நோம்ப திரும்பப் புடிக்கிறேன். நீ வெடி வெக்கக் கூடாது" என்றாள்.

அதுதான் இன்று. அவளோடு நானும் பட்டினி இருப்பதாகச் சொல்லியிருந்தேன். (மூன்று மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். யாருக்கும் தெரியாது.) ரம்ஜான் முடிந்துவிட்டதால் இன்று பள்ளிவாசலில் வெடி இல்லை. சூரியன் விழுகிற நேரத்துக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சாயபு நேரம் சொன்னார். கொஞ்சம் பொறுத்துச் சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் பேரீச்சம்பழம்.

"இந்தாடா, பேஜாரு புடிச்சவனே" என்றான் ஹயாத். அவனுடைய சொந்தப் பேச்சு.

வாயில் பழத்தோடு, விட்டுப்போன முக்கியச் செய்தியை, ஒன்பதாவது ரோமத்தை, அறிவித்தேன். சுவரேறிக் குதித்து, என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி எண்ணினான்.

ஒன்பது இல்லை. நாலு. அதிலும் ஒன்று மை.