பூங்காவனத்துக்குக் கீரை வேண்டாம்

சுந்தரம்மாளுக்கு மாதையன் எழுதுவது. நான் நலம், உன் முழங்கால் வலி எப்படி?

நம் மகள் பூங்காவனத்தின் ரத்தப்புற்றுக்கு மஞ்சள் மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தம் ஊறட்டுமென்று, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரித் தோட்டத்து முருங்கைக்கீரையைத் தினமும் கடைந்து ஊட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

“இன்னாய்யா பண்றே? கீரைச் சத்தைத் தின்னுதான் கெட்ட அணு பெருகுது. அதைப் பட்டினி போடத்தான் மாத்திரை. நீ பின்னாடியே விருந்து வெக்கிறியே!”

அஞ்சாவது படித்த பெரிய வைத்தியன் நான், தலையைச் சொறிந்தேன். “அப்போ நான் இன்னாங்க பண்றது?”

“புள்ள பக்கத்துல குந்து” என்றார்.

குந்தியிருக்கிறேன், அதையாவது சரியாகச் செய்கிறேனா, தெரியவில்லை. ஊரிலிருந்து வரும் புதூர்நாட்டு ஜீப்பில் நீயும் இனிக் கீரை கொடுத்தனுப்பாதே. அவளுடைய பச்சைப் பாவாடையை நாலு விரல் பிடித்துத் தைத்து அனுப்பு. இங்கிருப்பது இடுப்பில் நிற்கவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

மாதையன்