அகுவாந்தா லா, மார்த்தா!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சனிக்கிழமை ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் ராஃப்டிங் வருகிறது. இரண்டு படகு வேண்டும். ஒன்று மூத்த கைடு சுரேனுக்கு. இன்னொன்று? நாலு வருஷமாக இந்தக் கோப்பெங் ஆற்றில் கிடக்கிறேன், லைசென்ஸும் வாங்கியாச்சு. இன்னும் அடுத்தவன் படகில் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி சுகுமாரன் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவங்களுக்கு இங்கிலீஷ் அரைகொறதான் லா, தினா. தண்ணியில நீ கத்துறது புரியணுமே. புரிய வச்சிருவேன்னா எடுத்துக்க."

"வச்சிருவேன்"னு சொல்லிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காதா?

ஆகஸ்ட் 6, புதன்

யூடியூப். முழு மொழி எதற்கு, படகுக்கு வேண்டியது போதும். முன்னால், பின்னால், நிறுத்து எல்லாம் வந்துவிட்டது. பிடித்துக்கொள் என்பதற்கு 'அகுவாந்தா'. குளிக்கும்போதுகூடக் கத்திப் பார்த்தேன். அம்மா கதவைத் தட்டி, "தினேஸ்வரி, உள்ள யாருடி?" என்றாங்க.

ஆகஸ்ட் 7, வியாழன்

மானம் போச்சு. நான் படித்ததை வாய்ஸ் மெசேஜில் அந்தக் கூட்டத்தின் தலைவி மார்த்தாவுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கையால் பிடிக்கச் சொல்ல 'அகர்ரா'வாம். அகுவாந்தா என்றால் தாங்கு, சமாளி, விட்டுடாதே. பாலம் லாரியைத் தாங்குவதும், பல்வலியைப் பொறுப்பதும், பிடிக்காத மாமியாரைச் சகிப்பதும் இந்த ஒரே வினைதானாம். இதற்குமேல் முடியாது என்றால் 'நோ அகுவாந்தோ மாஸ்'.

சுரேனுக்கு இது போதாதா! "பாறை வருது, பொறுத்துக்கங்கன்னு சொல்லிருப்பியா?" என்று நாள் முழுக்க ஓட்டினான்.

சிரிடா சிரி. நாலு வருஷமா உன் படகுல நான் செஞ்சது அந்த வேலைதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. அகர்ரா, அகர்ரா, அகர்ரா.

ஆகஸ்ட் 9, சனி

எழுதியே ஆகணும்.

மூன்றாவது பாறை வரைக்கும் ராணி மாதிரி வந்தேன். அங்கே படகு ஒரு பக்கம் தூக்கியதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. என் வாயில் வந்தது, தினமும் கத்துகிற மலாய்தான். "பெகாங்! பெகாங்!" பிடின்னு அர்த்தம், யாருக்குப் புரியும்? எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மார்த்தா தண்ணீரில் விழுந்தாள்.

நல்லவேளை, ஆற்று நடுவில் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டாள். படகைக் கரையோரம் ஒதுக்கிக் கயிற்றை வீசினேன். எட்டவில்லை. இழுத்துச் சுருட்டி மறுபடியும் வீசணும். அதற்குள் அவள் அழுகிறாள்: "நோ அகுவாந்தோ மாஸ்!"

புரிந்தது. ஐயோ, எனக்குப் புரிந்தது!

"அகுவாந்தா, மார்த்தா! அகுவாந்தா லா!" தொண்டை கிழியக் கத்தினேன். படகே சேர்ந்து கத்தியது, நம்ம மலேசிய 'லா'வோடு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பாறையை விடவில்லை. கயிறு நேராக அவள் தோளில் போய் விழுந்தது. "அகர்ரா!" பிடித்தாள். இழுத்துட்டோம்!

கரையில் அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. ஆள் விழுந்த படகு, இனி எனக்கு ஏது என்றுதான் நினைத்தேன். மார்த்தா ஈரத்தோடு என்னைக் கட்டிப்பிடித்து, அவரிடம் அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்: "நாளைக்கும் நாங்க வர்றோம். இவ படகுதான் வேணும்."

மலாயில் கத்தியதையும் நானே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்கு மலாயில கத்தாத" என்றார். அவ்வளவுதான்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒருத்தர்கூட விழவில்லை. ஒருத்தர்கூட!

ஆகஸ்ட் 16, சனி

ஆபீஸ் பலகையில் அண்ணன் கையாலேயே எழுதியிருந்தார்: முதல் படகு, தினேஸ்வரி. சுரேனுக்குத் தோள் சுளுக்கு, அதனால் அவனுக்குப் படகு இல்லை. என் படகில் முன்னால் துடுப்பில்லாமல் உட்கார்ந்து வந்தான். மற்றவர்கள் எல்லாம் கமுந்திங் பேக்டரியிலிருந்து வந்த நம்ம தமிழ் ஆட்கள். மூன்றாவது பாறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சுரேன் திரும்பி, "அகர்ரா!" என்று அலறினான்.

எவனுக்கும் ஒண்ணும் புரியல. ஆனா எல்லாரும் படகு ஓரத்துக் கயித்தப் பிடிச்சிக்கிட்டாங்க.