ரெனாட்டுவுக்குக் கிடைக்காத படுக்கை

போர்ட்டோ, நவம்பர்

அன்பு மகள் டெல்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம், மனசைக் கேட்காதே. லக்சம்பர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி இனேசும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. அன்றைக்குப் போனில் அண்ணன் எப்படி இருக்கான் என்று கேட்டாய், அப்பா பக்கத்தில் இருந்ததால் இருக்கான் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். ரெனாட்டு பேரை எடுத்தாலே அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

அவன் மறுபடியும் போதைத் தூளைத் தொட்டுவிட்டான் டெல்மா. தெருமுனைக்குக் காலையில் போதை வெறியை அடக்கும் மருந்து வண்டி வருமே, அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டப் போவான், அப்படியே எத்தனை வருஷம் மனுஷனாக இருந்தான். செலவைக் குறைக்கிறோம் என்று வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வேலையும் பார்த்து அங்கேயும் வரிசையில் நிற்க முடியாமல் ஒரு நாள் விட்டான், பிறகு ஒரேயடியாக விட்டான். வண்டியில் மருந்து ஊற்றிக் கொடுத்த நர்ஸ் அமேலியா இருந்திருந்தால், "எங்கடா போய்த் தொலைஞ்ச, உங்கம்மாகிட்ட சொல்லட்டுமா" என்று காதைத் திருகி இழுத்துப் போயிருப்பாள். அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூடத்துப் பின்சுவர்தான் அவனுக்கு வீடு.

போலீஸ் பிடித்தது, பழையபடி போதைக்காரர்களுக்குப் புத்தி சொல்லும் கமிட்டி முன்னால் உட்கார வைத்தது. தூளோடு பிடிபட்டால் ஜெயில் என்ற சட்டம் மாறின புதிதில், மீசை அரும்பின வயதில் இவன் பிடிபட்டபோது, ஜெயில் இல்லை என்றதும் ஃபாத்திமா மாதாவுக்கு நான் மெழுகுவத்தி ஏற்றினேன். அன்றைக்குப் பேசின கையோடு சிகிச்சையில் சேர்த்தார்கள். இன்றைக்கும் அதே நல்ல பேச்சுதான், சேர்க்கத்தான் இடமில்லை. போன மாதம் அவனே வந்து, "என்னால முடியலம்மா, எங்கயாவது சேத்து விடு" என்று அழுதான். குளிப்பாட்டி அப்பாவின் கோட்டைப் போட்டுச் சிகிச்சைக்குச் சேர்க்கும் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலில் இருந்த பெண், "வர்றவங்க ஜாஸ்தி, பாக்குற ஆள் கம்மி, ஏப்ரல்ல கூப்பிடுறோம்மா" என்றாள். இவன் சிரிக்கிறான். "ஏப்ரல்ல நான் இருந்தேன்னா உங்க ஆபீசுக்குச் சும்மாவே டைல்ஸ் ஒட்டித் தர்றேன் அக்கா" என்றான். அவளும் சிரித்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். கதவைப் பூட்டும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் தெருக்காரர்கள் கூட்டம். பக்கத்து வீட்டு அல்சீரா எழுந்து, "எல்லாத்தையும் பிடிச்சு உள்ள போடணும், பழைய சட்டமே வரட்டும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக வேணாமா" என்று கத்தினாள். அவள் சொல்வதும் பொய்யில்லை, பிள்ளைகள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறார்கள். கை தூக்கச் சொன்னபோது அப்பா தூக்கினார். உள்ளே இருந்தால் ஒரு வேளைச் சோறாவது நிச்சயம் என்று எனக்கும் கை எழப் பார்த்தது. ஆனால் உன் மாமா ஜோர்ஜைப் பழைய சட்டம்தானே உள்ளே போட்டது, பெட்டியில்தானே வெளியே வந்தான். அந்தச் சட்டம் என் தம்பியைத் தின்றது. இந்தச் சட்டம் என் பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை, கூட வந்த மருந்தையும் ஆளையும் பிடுங்கிக்கொண்டு அவனைத் தெருவில் விட்டுவிட்டார்கள். யாரிடம் போய்ச் சொல்ல. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஓட்டல் வேலை முடிந்ததும் அவனுக்குக் கீரை சூப்பு கொண்டுபோகிறேன். நேற்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, தலையைத் தூக்காமலே, "ரொம்ப நன்றிங்க, கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும்" என்றான். தர்மம் போட வந்த யாரோ என்று நினைத்துவிட்டான். அவன் குடித்து முடித்ததும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவனை அங்கே கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லாதே, உன் குடியையும் கெடுத்துக்கொள்ளாதே. கிறிஸ்துமசுக்குக் குழந்தையோடு வரவும் வேண்டாம். இனேசுக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீ வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடு. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் நம்பர் ஒன்றுதான். பணம் கேட்டால் கொடுக்காதே. அவன் வைக்கும்வரை நீ வைக்காதே.

உன் அம்மா,
பிலோமேனா