மேலே இருந்து வருபவருக்கு ஓர் இலை

மே 27, செவ்வாய்

கடைக்கு எரிந்துபோன மோட்டார் மூன்று வந்தது. என் கை பட்டதும் ஒன்று தானாகவே ஓடியது. கரண்ட் கொடுத்த பிறகுதான், இருந்தாலும் ஓடியது.

சாயங்காலம் ஷர்மின் வந்தாள். எங்கள் மன்றத்தின் புதுச் செயலாளர், காலேஜில் இயற்பியல் நடத்துகிறாள். உத்தமபாளையம் திராட்சைக் கமிஷன் கடை ஷேக் மைதீனின் மகள்.

"மாமா, நம்ம விருந்துக்கு இது இருபத்தஞ்சாவது வருசம். மலர் போடுறோம். விருந்தோட வரலாற நீங்கதான் சொல்லணும்."

வேறு யார் சொல்வது? கம்பம் பள்ளத்தாக்கு விண்வெளிக் கதை வாசகர் மன்றத்தை உண்டாக்கியவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்க முடியவில்லை. அதனால் நேராக விண்வெளிக்குப் போய்விட்டேன். கம்பம் நூலகத்தில் இருந்த அத்தனை ராக்கெட் கதைகளையும் படித்தவன். இங்கிலீஷ் புத்தகங்களையும் விடவில்லை, படம் பார்த்தே முடித்தேன்.

"உங்கத்தா மைதீனும் கூட இருந்தான்" என்று பெருந்தன்மையாகச் சேர்த்துச் சொன்னேன்.

மே 30, வெள்ளி

முதல் விருந்தைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

எங்கள் மன்றத்துக் குருசாமியின் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே பந்தி. ஓர் இலை மிச்சம். எடுக்கப் போனார்கள். நான் தடுத்தேன்: "இருக்கட்டும்யா. மேல இருந்து யாராச்சும் வந்தா?" அதற்கும் பரிமாறச் சொன்னேன். வானத்தைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டேன். பிறகுதான் நாங்கள் கை வைத்தோம். சாப்பிட்டு முடித்து வாய்க்காலில் கை கழுவப் போன இடத்தில், செவ்வாயில் தண்ணீர் உண்டா இல்லையா என்று பெரிய தகராறு. திரும்பி வந்து பார்த்தால் — இலை காலி! சோறு இல்லை, அப்பளம் இல்லை, பாயசம் இல்லை. இலை உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் பாகற்காய் மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருசமும் அந்த இலை உண்டு. நான் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அந்த இலையில் பாகற்காய் வைக்கக் கூடாது. விண்வெளியிலும் பாகற்காய் கசக்கும் என்பதைக் கண்டுபிடித்தது எங்கள் மன்றம். எந்த நாடும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 2, திங்கள்

மற்ற வருசங்களையும் சொன்னேன். எடையில்லாமல் சாப்பிடுவது எப்படி என்று எல்லோரும் மல்லாந்து படுத்துச் சாப்பிட்ட வருசம். குருசாமியின் காதுக்குள் ரசம் போய்விட்டது. அந்தக் காது இன்னும் புளிக்கிறதாம். பரோட்டா கட்டும் வெள்ளித்தாளில் சட்டை தைத்துப் போட்ட வருசம். ஆனிக் காத்து விடுமா? குருசாமியின் சட்டை பறந்து போய் மேகமலைக்கு மேலே மூன்று நாள் சுற்றியது. டெல்லியிலிருந்து விசாரித்தார்கள்.

"மாமா, இது உண்மையா?"

"நடந்தத விட உண்மைம்மா."

சிரித்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "மூணு வருசமா அத்தா ஏன் விருந்துக்கு வர்றதில்ல? அவுகளும் சொல்ல மாட்டேங்கிறாக."

ஏதோ மோட்டார் கருகுகிற வாசனை வருகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு நானே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்?

மூன்று வருசத்துக்கு முன்பு விருந்தில் மைக் பிடித்து அந்த இலைக் கதையைச் சொன்னேன். வழக்கமாக மைதீன் முன்னால் உட்கார்ந்து தாடிக்குள் சிரித்துக்கொண்டிருப்பான். அன்றைக்குப் புதுசாக ஒரு வரி சேர்த்தேன் — "வந்தவரு பஞ்சத்துல அடிபட்ட கிரகம் போல. இலைய நக்கித் தின்னுருக்காரு." கூட்டம் சிரித்தது. மைதீன் எழுந்துவிட்டான்.

"ஏலே கருத்தக்கண்ணா, போதும்டா. அன்னைக்குக் கடைய அடைச்சுட்டுக் கடைசியா வந்தது நாந்தான். நீங்க வாய்க்கால்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தீக. ஒரு இலை இருந்துச்சு, உக்காந்து சாப்பிட்டேன். நக்கெல்லாம் இல்ல."

நான் சும்மா இருந்திருக்கலாம். மைக் கையில் இருந்ததே! "நீதான் வேற்றுக்கிரகத்து ஆளா? இந்த மூஞ்சிய அனுப்பவா அம்புட்டுத் தூரத்துல கிரகம் வச்சிருக்காக?" என்றேன்.

தோள் துண்டை எடுத்து உதறினான். போய்விட்டான். அத்தோடு பேச்சு நின்றது.

தப்பு யார் மேல? அவன் மேலதான். இத்தனை வருசம் பொத்தி வச்சவன் இன்னும் கொஞ்சம் பொத்த முடியாதா?

ஜூன் 7, சனி

பக்ரீத். தூக்குச்சட்டி நிறையப் பிரியாணியோடு ஷர்மின் வந்தாள். "அம்மா குடுத்துவிட்டாக" என்றாள். மூன்று வருசமாக இதே வார்த்தைதான்.

அவள் போனதும் என் மனைவி பாண்டீஸ்வரி சட்டியைக் கிளறிப் பார்த்தாள். "எல்லாம் எலும்பில்லாத கறியா இருக்கு. ஒங்களுக்குப் பல்லு போனது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியுமாம்?"

தட்டை நீட்டினேன். வாயில் கறி இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றுப் பிரியாணி நன்றாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மன்றக் கூட்டம். குருசாமி வாய் தவறி எல்லாவற்றையும் ஷர்மினிடம் உளறிவிட்டான். காதில்தான் ரசம் போனது என்று நினைத்தேன், மூளைக்கும் போயிருக்கிறது.

"மாமா, மலர்ல ஒண்ணு நீங்க சொன்னது வரும், இல்லேன்னா அத்தா சொன்னது வரும். அத்தா சொன்னதுதான் சரின்னா, அந்த இலை எதுக்குன்னு மன்றத்துப் பிள்ளைக கேக்குதுக. அடுத்த வருசத்துல இருந்து வேணாங்குதுக. விருந்து முடிஞ்சதும் அச்சுக்குக் குடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க."

இலை இல்லாவிட்டால் விண்வெளி மன்றம் எது? அப்புறம் அது வெறும் சாப்பாடு. கல்யாண மண்டபத்தில் கிடைக்காத சாப்பாடா?

ஜூன் 18, புதன்

உத்தமபாளையம் போனேன். அவன் கடைக்கு எதிர்க்கடையில் நின்று டீ குடித்தேன். திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்தான். நான் டீக்கடைக்காரரிடம் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி உரக்கப் பேசினேன். அவர் பயந்து இன்னொரு டீ கொடுத்தார். மைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பேச்சுவார்த்தை நல்லபடியாக நடந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

நாளை விருந்து. கடைசி இலையாக இருக்குமோ? — சீ, என்ன நினைப்பு இது.

ஜூன் 29, ஞாயிறு

அதே தோட்டம். இலை பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் கல். பந்தி நிறைந்துவிட்டது, அந்த ஓர் இலை தவிர. மைக் என் கையில். பிள்ளைகள் சோற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

வானத்தைப் பார்த்து "வாங்க" என்றேன். "உக்காருங்க" என்றேன்.

வேலி ஓரம் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. மைதீன். யாரும் கேட்காமலே சொன்னான்: "பிள்ள செல்போன வீட்ல வச்சுட்டு வந்துருச்சு. அதக் குடுத்துட்டுப் போலாம்னு —"

ஷர்மின் தன் கையிலிருந்த செல்லை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் பார்த்தேன். எனக்கு முதுகுக்குப் பின்னாலும் கண் தெரியும்.

மூன்றாவதாக "சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். மைக்கில் வேறொன்று வந்துவிட்டது.

"மச்சான், சாப்பிட வாப்பா."

சுருளி அருவி வரைக்கும் கேட்டிருக்கும். அவன் அங்கனயே நின்றான். இலையைப் பார்த்தான்.

"அது மேல இருந்து வர்றவுகளுக்குல்ல வச்சது?"

"அவுகதான் எப்பவும் கடைசியா வருவாக. உக்காருலே, சோறு ஆறுது."

உட்கார்ந்தான். பரிமாறிய அம்மாவாசி இந்த வருசம்தான் புதுசு. வழக்கம் தெரியாமல் அந்த இலையில் பாகற்காயை வைத்துவிட்டான். குருசாமி பதறினான். நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

மைதீன் சோறு சாப்பிட்டான், அப்பளம் சாப்பிட்டான், பாயசத்தை வழித்துச் சாப்பிட்டான். பாகற்காயை ஒற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளினான். இலையை உள்பக்கமாக மடித்தான்.

ஷர்மின் பேனாவோடு வந்தாள். "மாமா, என்ன போட?"

"போடும்மா. முதல் வருசம் வந்தவரே இந்த வருசமும் வந்தாரு. சுத்தமான மனுசன். ஒரு பருக்கை கீழ சிந்தல. இலைய நக்குற பழக்கம் கெடையாது."

பின்னாலிருந்து மைதீன் சொன்னான்: "பாயசத்துல இனிப்பு கம்மின்னும் போடு."

ஜூலை 2, புதன்

மைதீன் கடைக்குப் போனேன். எதிர்க்கடை டீக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். இவனே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். மத்தியானம் வரை பேசினோம்.

செவ்வாயில் தண்ணீர் இல்லை என்கிறான். படிப்பறிவு இல்லாதவன்.