வளைவில் நிற்பவன்

ஜூலை 6, மேக்லோங்

காலையிலிருந்து மழை. கடைக்கு ஆள் வரவில்லை. மூன்று பேண்ட்டுக்கு ஓரம் மடித்துத் தைத்தேன், ஒரு பள்ளிப் பாவாடைக்கு ஊக்கு வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். எழுதிவிடுகிறேன். கல்லீரலில் இருக்கிறதாம். முற்றிவிட்டதாம்.

டாக்டர் சின்னப் பையன். என் மகன் தோங் இருந்தால் இவன் வயதுதான் இருக்கும். "கூட யாராவது வந்திருக்காங்களாம்மா?" என்றான். இல்லை என்றேன். "வீட்டுல யாரு இருக்கா?" அதற்கும் இல்லை என்றேன். பேனாவை மூடி மூடித் திறந்தான். எனக்கு ஒன்றுமில்லை, அவனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. பிள்ளையை இன்னும் வீட்டுக்குக் கூட்டி வரவில்லையே.

ஜூலை 7

போன வருடம் சோங்கிரான் புத்தாண்டு லீவுக்கு, மேகோங் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பைக்கில் கிளம்பினான். வழியில் நாங்கள் கேள்விப்பட்டேயிராத ஒரு ஊர் வளைவில் லாரி. அண்ணன் போய் உடம்பை வாங்கி வந்தார். கோயிலில் எரித்தோம். ஆனால் விழுந்த இடத்தில் போய், பேர் சொல்லி, "எழுந்திரு, வீட்டுக்கு வா" என்று கூப்பிட வேண்டாமா? அண்ணனுக்கு அவசரம். எனக்கோ புத்தி பேதலித்துக் கிடந்தது. உடம்பு வந்தது, அவன் வரவில்லை. ரோட்டில் உயிர் போனவன் கூப்பிடாமல் வரமாட்டான், அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பான். ஒன்றேகால் வருடமாக, வெயிலிலும் மழையிலும்.

நான் கண்ணை மூடுவதற்குள் அவனைக் கொண்டுவந்துவிட வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஜூலை 9, நோன் காம்

அவன் விழுந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். இடுப்பு போய்விட்டது. லமுன் என்பவள் வீட்டு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். என்னைவிட நான்கைந்து வயது இளையவள், வாய் ஓயாதவள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். சும்மா, அமைதியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அமைதிக்கு இங்க கொறச்சலே இல்லக்கா. வயசுப் பசங்க பூராவும் பாங்காக், கொரியான்னு ஓடிட்டானுங்க. மிச்சம் நாங்களும் தவளையுந்தான். அதுல தவளைதான் கொஞ்சம் தெம்பா கத்தும்."

மூங்கில் குருத்துக் குழம்பும் பசையரிசிச் சோறும் வைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "பட்டணத்து நாக்கு" என்று முனகிக்கொண்டே தட்டை எடுத்துப் போனாள்.

ஜூலை 10

வளைவுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது.

குறுக்கும் நெடுக்குமாக, வேண்டிக்கொண்டவர்கள் காணிக்கையாக வைத்த வரிக்குதிரை பொம்மைகள், பெரிசும் சிறிசுமாக. பொம்மை பைக்குகள். வரிசையாகச் சிவப்பு சோடா பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் உறிஞ்சுகுழல். நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அதற்குள்ளே ஆணியில் மாட்டியிருந்தது அவனுடைய பச்சை ஜாக்கெட். பழைய துணிச் சந்தையில் வாங்கியது. முன்னால் யாரோ போட்டிருந்த கம்பெனி ஜாக்கெட், நெஞ்சில் 'விச்சித்' என்று தையல் எழுத்து. "பிரிச்சுட்டு உன் பேரைத் தைச்சுத் தரேன்டா" என்றேன். "இருக்கட்டும்மா, ஸ்டைலா இருக்கு" என்றான்.

என் பிள்ளைக்கு இங்கே பேர் விச்சித்.

லாட்டரிச் சீட்டு விற்கும் தூய் என்பவன் அங்கே குந்திக்கொண்டு பைக் பொம்மையின் மேல் மாவைத் தேய்த்து எண் தேடிக்கொண்டிருந்தான். "வாங்கக்கா, கும்பிட்டுக்குங்க. விச்சித் அண்ணன் ரொம்பக் கைராசி. ரெண்டு தடவ கடைசி எண்ணு குடுத்திருக்காரு. தங்கமான மனுசன், ஒரு சோடாவுக்கு மேல கேக்கமாட்டாரு."

அவனைச் செருப்பால் அடித்திருப்பேன். கை எழவில்லை. குனிந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். பெற்ற மகனை, இன்னொருத்தன் பேரில்.

ஜூலை 11

சாப்பிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

ஜூலை 12

காலையில் பிக்குகளுக்குச் சோறு போட லமுனோடு நின்றேன். அவர்கள் நகர்ந்ததும் கூடையில் மிஞ்சியதை ஓர் உருண்டை பிடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். எங்கே என்று தெரியும். ஆனாலும் பின்னாலேயே போனேன்.

உருண்டையைக் கோயிலுக்குள் வைத்துவிட்டு, "எந்திரிடா, சாப்பிடு, வெயிலு ஏறிப்போச்சு" என்று அதட்டினாள். சொந்தப் பிள்ளையை எழுப்புகிற அதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரடி நீ?

"நீயும் லாட்டரிக்கா?" என்று கேட்டேன்.

"போங்கக்கா. அந்தத் தடியன்தான் எண்ணுக்கு அலையுவான். இவன் விழுந்தப்ப நான் வயல்ல சுள்ளி பொறுக்கிட்டிருந்தேன். ஓடிவந்து தலைய மடியில வச்சுக்கிட்டேன். வண்டி வர்றதுக்கு நேரமாயிருச்சு. வலிக்குதாப்பான்னு கேட்டா, இல்லைங்கிறான். பொய்யி. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னான். நான் யாருன்னு தெரியாது, அவங்க அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் வண்டி வந்து தூக்கிட்டுப் போயிருச்சு. எந்த ஊரு, என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. ஜாக்கெட்டுதான் மிச்சம்."

வரப்போரம் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஆகவில்லை என்று சொன்னேன்.

"என் மகன் கொரியாவுலக்கா," என்றாள் அவள் பாட்டுக்கு. "திருட்டுத்தனமா இருக்கான். போன் வந்து மாசக் கணக்காவுது. நான் இங்க ஒருத்தனுக்கு வச்சா, அங்க என் புள்ளைக்கு எவளாச்சும் ஒரு வாய் வைப்பா இல்ல? அதான் கணக்கு."

அம்மாகிட்ட சொல்லாதீங்க. கடைசி வார்த்தை அதுதானா? என்னைப் பற்றியா பேசினாய்? இங்கே அறையில் யாரும் பார்க்கவில்லை, நன்றாக அழுதேன்.

ஜூலை 13

சொல்லிவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அவன் பேர் விச்சித் இல்லை, தோங். நான்தான் அம்மா. கூட்டிப்போக வந்திருக்கிறேன்." கைபேசியில் படத்தைக் காட்டினேன். பூண்டைக் கீழே வைத்தாள். முதலில் கையைக் கூப்பினாள். பிறகுதான் முகம் மாறியது. கூட்டிப்போக என்ற சொல் அப்போதுதான் அவள் காதில் ஏறியது போல.

"கூட்டிட்டுத்தானே போகணும்," என்றாள். "பெத்தவங்க." பிறகு பூண்டை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

ஜூலை 14

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி வாழைப்பழம், ஒருத்தி முட்டை. காம்பூன் பெரியவர் முன்னாள் பிக்கு. செத்தவன் உயிரைக் கைவலையில் அள்ளிக் கூட்டிவரும் சடங்கைச் செய்து தருவதாகச் சொன்னார். நாளைக்கே செய்யலாமா என்றேன்.

தூய் தலையைச் சொறிந்தான். "அக்கா... பதினாறாந் தேதி குலுக்கல். ஒரே ஒரு நாள். அதுவரைக்கும் அண்ணன இருக்க விடுங்களேன். போற நேரத்துல ஒரு எண்ணு குடுக்காமயா போயிருவாரு?"

பெண்கள் சேர்ந்து அவனை விரட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் ஆயிற்று சிரித்து. சரி, பதினேழு என்றேன்.

ஜூலை 16

குலுக்கலில் தூய்க்கு ஒன்றும் விழவில்லை. "அண்ணன் மனசு சரியில்ல" என்கிறான்.

மத்தியானம் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வலி குறைந்ததும் லமுனைக் கேட்டேன். நான் வராமல் இருந்திருந்தால் எத்தனை நாளைக்கு அவனுக்குச் சோறு வைத்திருப்பாய்?

"இது என்ன கேள்வி? நான் இருக்கிறவரைக்கும். எனக்கப்புறம் தூய் பொண்டாட்டி வைப்பா. அவளுக்கப்புறம் அவ மருமக. வளைவுல ஒருத்தன் நிக்கிறான்னா சோறு வைக்கத்தானேக்கா வேணும்."

அவளுக்கு அது பதில், அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பன்றிக்குத் தவிடு கலக்கப் போனாள். எனக்குத்தான் அதற்கப்புறம் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். சரி. அப்புறம்? மழைக்காலம் முடியும் வரைக்கும் நான் தாங்கினால் பெரிசு. அதன் பிறகு மேக்லோங்கில் அவனுக்கு யார்? அண்ணன் மருமகள் பூந்தொட்டிக்கே தண்ணீர் ஊற்றமாட்டாள். வாடகை வீடு, அடுத்த மாதமே வேறு யாரோ குடிவருவார்கள். தெரியாத ஒருத்தர் வீட்டு வாசலில் என் பிள்ளை பட்டினியாக நிற்பான்.

ஆனாலும் என் பிள்ளை. நான் பெற்றவன். எனக்கு அவன் வேண்டும். கொஞ்ச நாளாவது, ஒரே வீட்டில் நானும் அவனும்.

ஜூலை 17

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வளைவில் கூடிவிட்டார்கள். மூங்கில் வளையம் கட்டிய மீன் பிடிக்கும் கைவலை. அதற்குள்ளே நான் கொண்டுபோன அவனுடைய பழைய சட்டை, அவித்த முட்டை, ஓர் உருண்டைச் சோறு. வலையைப் பிடிக்கத் தெம்புள்ள கை வேண்டும் என்று பெரியவர் லமுனைப் பிடிக்கச் சொன்னார். அவள் ரோட்டின் மேல் காற்றை அள்ளினாள், நான் கூப்பிட்டேன். "தோங், அம்மா வந்திருக்கேன்டா. எந்திரி. வீட்டுக்குப் போலாம்." தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

பாய் விரித்து உட்கார்ந்தோம். வலைக்குள் வந்துவிட்டானா என்று அரிசியிடம் கேட்க வேண்டும். கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இரண்டிரண்டாகப் பிரிப்பது. மிச்சமில்லாமல் இரட்டை விழுந்தால் வந்துவிட்டான். ஒற்றை மிஞ்சினால் வரவில்லை. மூன்று தடவை கேட்கலாம், அதற்கு மேல் கூடாது. பெரியவருக்குக் கண்ணில் புரை. நானே எண்ணினேன்.

முதல் தடவை ஒற்றை. மறுபடியும் அள்ளினாள், மறுபடியும் கூப்பிட்டேன். ஒற்றை. "அவருக்கு இந்த ஊரு புடிச்சுப்போச்சுங்க" என்று பின்னால் தூயின் குரல், யாரோ அவனைக் குட்டுகிற சத்தம். வாடா, வந்துவிடு, அம்மாவை இப்படிச் சோதிக்காதே.

மூன்றாம் தடவை அள்ளும்போது லமுனைப் பார்த்தேன். அழவில்லை அவள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. "போ, அம்மாகூடப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் வாயால் அவனை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எண்ணினேன். இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு மணி.

இரட்டை.

வந்துவிட்டான். என் பிள்ளை நான் கூப்பிட்டதும் வந்துவிட்டான். வலைக்குள்ளே, என் முழங்கையை உரசிக்கொண்டு இருந்தான்.

கட்டைவிரலால் ஒரு மணியை அழுத்தி மூடிக்கொண்டேன். "ஒற்றை" என்று சொன்னேன்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பெரியவர், "அவன் இஷ்டப்பட்டு இங்க இருக்கான், வற்புறுத்தக் கூடாதும்மா" என்றார். லமுன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சோறு வைக்கிறவர்கள் இருக்கிற இடத்தில் இரு கண்ணே, என்று அவனுக்குச் சொன்னேன். அவனுக்குக் கேட்டிருக்கும். கோபித்துக்கொண்டிருப்பானா?

ஜூலை 18

அந்த ஜாக்கெட்டைக் கழற்றித் தரச் சொல்லி, விச்சித்தைப் பிரித்துவிட்டு தோங் என்று தைத்து மாட்டினேன். தையல் கோணிவிட்டது. முப்பது வருடமாகத் தைக்கிறவள்.

மத்தியானப் பேருந்து. ஜன்னலிலிருந்து வளைவைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, மேக்லோங்

கடையை மூடிவிட்டேன். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. லமுன் போனில் கூப்பிட்டு வேளாவேளைக்குச் சாப்பாடு ஆகிறதா என்கிறாள். அவனுக்கா, எனக்கா என்று கேட்டேன். "அவனுக்கு நான் வச்சிட்டேன், உங்களத்தான் கேக்குறேன்."

செப்டம்பர் 11

செய்தது சரிதானா? வலி வரும்போதெல்லாம் இதே கேள்வி. தப்பு என்றே படுகிறது. அவன் வருகிறேன் என்றான். நான்தான் கையை விட்டேன். தாயா நான்?

செப்டம்பர் 19

போன் அடிக்கிறது. எடுக்கவில்லை. என்ன சொல்வது?

அக்டோபர் 3

காலையில் கதவைத் தட்டும் சத்தம். அண்ணனாக இருக்கும் என்று போய்த் திறந்தேன். லமுன். இரவுப் பேருந்தில் வந்திருக்கிறாள். கசங்கிய பாவாடை, தோளில் சோற்றுக் கூடை. என் முகத்தையும் வீங்கிய வயிற்றையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கஞ்சி வைத்தாள்.

நானே சொன்னேன். எல்லாவற்றையும். டாக்டர் சொன்னதை. எனக்கப்புறம் அவனுக்கு இங்கே யாருமில்லை என்பதை. அரிசியை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "கட்டைவிரல எடுத்தப்ப ஒரு மணி ஒட்டியிருந்துச்சு. நீங்க பாய்ல தட்டிவிட்டீங்க. நான் பாத்தேன்க்கா."

குனிந்து என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"பாத்துட்டு முழங்கால வச்சு மறைச்சுக்கிட்டேன். சொல்லியிருக்கணும். அவன் வந்துட்டான்க்கா, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. என் புள்ளையும் இல்ல, இவனும் போயிட்டா காலையில நான் யாரை எழுப்புவேன்? உங்க புள்ளைய நான் திருடிக்கிட்டேன்க்கா." கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அழட்டும் என்று விட்டேன். நானும் அழுதேன். பிறகு, திருடவில்லை, கொடுத்தேன் என்று சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ.

கஞ்சி பாதி இறங்கியது. அவள் எழுந்து அலமாரியைத் திறந்து என் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல இனி காலையில குளிர ஆரம்பிச்சிரும். தடிச் சட்டை எதுவும் இல்லையா உங்ககிட்ட?"

கீழ்த்தட்டில் இருக்கிறது என்று சொன்னேன்.